பின்னால் நிற்பவர்

நெருக்கடி மிகுந்த கடைத்தெருவில் ஒரு சரக்கு லாரி பின்வாங்கும் காட்சியை வாசக அன்பர்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். வண்டியின் பின்புறத்தில், அழுக்கேறிய துண்டைத் தோளில் இட்ட கிளீனர்ப் பையன் நின்றுகொண்டு, பக்கப் பலகையைக் கையால் தட்டியவாறு, "வரட்டும்... வரட்டும்... ஒடிச்சு வரட்டும்... ஹோல்டான்!" என்று குரல் கொடுப்பான். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பத்து டன் பாரமும் அசைவற்று நின்றுவிடும். ஓட்டுநரின் பெயர் ஊருக்குத் தெரியும். கிளீனரின் பெயரைக் கேட்பார் இல்லை. அந்த ஒரு நிமிட நேரம் வண்டியை உண்மையில் ஓட்டுகிறவர் யார் என்ற வினா எம் உள்ளத்தில் நெடுங்காலம் எழுந்ததே இல்லை. ஐம்பது வயதைக் கடந்தபின், கடல் கடந்த ஒரு நாட்டில், முதிய தம்பதியர் ஒருவரின் வீட்டு வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தக் கற்கப் புகுந்தபோதுதான் அவ்வினா எம்மை வந்தடைந்தது.

2017-ஆம் ஆண்டு முதல் யாம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியிலுள்ள மினசோட்டா மாநிலத்தில் பங்குப்பணி ஆற்றி வருகின்றோம். பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று அம்மாநிலத்தார் அதனைப் பெருமையுடன் அழைத்துக்கொள்வர். ஆண்டில் ஐந்து திங்கள் அங்கே பனியின் ஆட்சி. ஏரிநீர் கல்லாய் உறைந்து, அதன்மேல் மக்கள் கார் ஓட்டிச் செல்வதை முதன்முறை கண்டபோது எம் கால்கள் நடுங்கின. ஆகவே கோடை என்பது அம்மக்களுக்கு வெறும் பருவமன்று. அது ஒரு திருவிழா. ஜூன் பிறந்ததும் காடுகளையும் ஏரிக்கரைகளையும் நாடிக் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிடுவர். அவ்வாறு செல்வோருள் பலர் தங்கள் வீட்டையும் உடன் இழுத்துச் செல்கின்றனர்.

ஆம், வீட்டைத்தான். டிரெய்லர் எனப்படும் அவ்வண்டிக்கு எஞ்சின் கிடையாது. சக்கரங்களின் மேல் அமைந்த ஒரு நீண்ட பெட்டி. உள்ளே கட்டில், அடுப்பு, சிறு குளிர்பெட்டி, கழிப்பறை, இரவில் படுக்கையாக மாறும் உணவு மேசை. அதன் முன்கழுத்தை ஒரு பிக்கப் லாரியின் பின்னால் மாட்டிவிட்டால், வீடு பின்னாலேயே வரும்.

இவ்வகை வண்டியின் வரலாற்றில் ஓர் இனிய செய்தி உண்டு. ஜெர்மனியின் தென்பகுதியில் இஸ்னி என்னும் சிற்றூரில் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்பவர் வாழ்ந்தார். சாட்டைகள் செய்து விற்பது அவர் குடும்பத் தொழில். விற்பனையின் பொருட்டு அவர் அடிக்கடி நெடும்பயணம் மேற்கொள்ள வேண்டியிருந்தது. ஓவியரான ஃபிரிடெல் என்னும் அவர் வாழ்க்கைத் துணைவி தாமும் உடன்வர விரும்பினார். அவ்விருப்பத்தை நிறைவேற்ற 1931-இல் டெத்லெஃப்ஸ் தம் கையாலேயே செய்த வண்டிதான் ஜெர்மனியின் முதல் வீட்டு டிரெய்லர் எனப் போற்றப்படுகிறது. பிரிந்திருக்க மனமில்லாமையே அவ்வண்டியின் அச்சாணி என்று சொன்னால் மிகையாகாது.

வாக்களித்துவிட்டோம்

எமது பங்கில் ஒரு முதிய தம்பதியர் உள்ளனர். யாம் கூறப்போகும் 2023-ஆம் ஆண்டில் பெரியவருக்கு வயது 78, அம்மையாருக்கு 74. நிலத்தில் பாடுபட்டு ஓய்வு பெற்ற குடியானவர்கள். அந்நாட்டில் மூத்தோரையும் பெயர் சொல்லி அழைப்பதே வழக்கம். எமது நாவோ அதற்கு இசையவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அழைப்பதுபோலவே யாமும் அவர்களைத் தாத்தா என்றும் பாட்டி என்றும் அவர்கள் மொழியில் அழைக்கத் தொடங்கினோம். முதல் நாள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தனர். பிறகு அதுவே பழகிவிட்டது.

1977-ஆம் ஆண்டு தொடங்கி 2022 வரை, 46 கோடைகள், ஒன்று தவறாமல் அவர்கள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு இட்டாஸ்கா என்னும் மாநிலப் பூங்காவுக்குச் சென்று ஒரு வாரம் தங்கி வந்துள்ளனர். ஆனால் பெரியவரின் விழித்திரையின் நடுப்பகுதியை நோய் பற்றிக்கொண்டது. இந்நோய் கண்டவர்களுக்கு நேரே பார்ப்பது மறையும். ஓரக்கண்ணில் உள்ளது மட்டும் மங்கலாய்த் தெரியும். 2022-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் தம் ஓட்டுநர் உரிமத்தைத் தாமே ஒப்படைத்துவிட்டார். "இனி டிரெய்லரை விற்றுவிட வேண்டியதுதான்" என்று ஒருநாள் அவர் எம்மிடம் கூறினார். குரலில் துயரம் காட்டவில்லை. அம்மையார் சாளரத்தின் வழியே, முற்றத்தில் பனி மூடிக் கிடந்த அவ்வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விற்க வேண்டாம், தாத்தா. கோடையில் நாமே ஓட்டி வருகிறோம்" என்று எம் வாயிலிருந்து சொல் புறப்பட்டுவிட்டது.

புறப்பட்ட பின்னரே எமக்கு உடல் குளிர்ந்தது. நேரே ஓட்டுவதில் எமக்கு யாதோர் அச்சமும் இல்லை. பின்னோக்கி ஓட்டுவது வேறு. அதனைப் பற்றி எம் உள்ளத்தில் ஒரு பழைய பாரம் இருந்தது. பூங்காவில் டிரெய்லர் நிறுத்துவதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களோ மரங்களுக்கு இடையே குறுகலாய் அமைந்தவை. பின்னோக்கிச் செலுத்தியே உள்ளே புக முடியும்.

கயிற்றைத் தள்ளும் வித்தை

மே மாதத்தில் பனி முற்றும் கரைந்தபின் பாடம் தொடங்கியது. பாடசாலை, எமது கோயிலின் வாகன நிறுத்துமிடம். கிழமை நாள்களில் அது வெறிச்சோடிக் கிடக்கும். அம்மையார் பால் வரும் பெரிய நெகிழிக் குடுவைகள் பன்னிரண்டில் நீர் நிரப்பி, இரு வரிசையாக நிறுத்தி வைத்தார். அவ்விரு வரிசைகளுக்கு நடுவே டிரெய்லர் புக வேண்டும்.

முதற்பாடம் மாட்டுவதைப் பற்றியது. லாரியின் பின்னால் இரண்டங்குல விட்டமுள்ள இரும்புக் குண்டு ஒன்று உண்டு. டிரெய்லரின் கழுத்திலுள்ள கிண்ணம் அதன்மேல் சரியாக உட்கார வேண்டும். கொண்டியைப் பூட்டி ஊசி செருக வேண்டும். காவற் சங்கிலிகள் இரண்டையும் கழுத்தின் அடியில் குறுக்காகப் பின்னி மாட்ட வேண்டும். ஒருகால் கிண்ணம் கழன்றாலும், அப்பின்னல் தொட்டில்போலக் கழுத்தைத் தாங்கிக்கொள்ளும். பின்னர் ஒரு மெல்லிய கம்பி. டிரெய்லர் முற்றும் அறுத்துக்கொண்டு பிரியுமானால், அக்கம்பி இழுபட்டு அதன் பிரேக்கைத் தானே அழுத்திவிடும். விளக்குகளுக்கான மின் இணைப்பு இறுதியில். வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கழுத்தில் இறங்க வேண்டும் என்பது விதி. குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால்போல ஆடத் தொடங்கும். பெரியவரின் டிரெய்லர் 24 அடி நீளம். எடை ஏறத்தாழ 5,000 பவுண்டு. இவை யாவற்றையும் பெரியவர் தடவியே எமக்குக் கற்பித்தார். அவர் விரல்களுக்கு ஒவ்வொரு கொண்டியும் தெரிந்திருந்தது.

இனி, பின்னோக்கிச் செலுத்தும் வித்தை. எமது தந்தையாரிடம் ஒரு பார வண்டி இருந்தது. அதனைக் கொட்டகைக்குள் நிறுத்த வேண்டுமானால், அவர் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, நுகத்தடியைத் தாமும் எம் அண்ணனுமாகப் பற்றித் தள்ளிக்கொண்டு போவார். "பின்னால போறதுக்கு மாட்டுக்குக் கண்ணு இல்லடா" என்பார். டிரெய்லர் விஷயத்தில் மாட்டை அவிழ்க்க வழியில்லை. மாடே தள்ளியாக வேண்டும்.

முன்னோக்கிச் செல்லும்போது டிரெய்லர் நல்ல பிள்ளை. எப்படிக் கோணினாலும், சிறிது தூரம் இழுத்தால் தானே நேராகிவிடும். வளைவில் மட்டும் அதன் சக்கரம் உட்புறமாகக் குறுக்கே வெட்டிச் செல்லும். அகலமாய்த் திரும்பினால் போதும். பின்னோக்கித் தள்ளும்போதோ, கயிற்றைத் தள்ளுவது போன்ற நிலை. உள்ளங்கையில் ஒரு கம்பைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடும் சிறுவனை எண்ணிப் பாருங்கள். கம்பு சாயத் தொடங்கிய நொடியே கையை நகர்த்தாவிடில், சாய்வு வளர்ந்துகொண்டே போய்க் கம்பு விழுந்துவிடும். டிரெய்லரின் கோணலும் அப்படியே. இம்மி கோணினால், கவனியாவிடில் அடி கோணும். மேலும் தள்ளினால், மடக்குக் கத்தியைப் போல லாரியும் டிரெய்லரும் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து முட்டிக்கொள்ளும். அதன்பின் தள்ளிப் பயனில்லை. முன்னே இழுத்து நேராக்கி, மறுபடி தொடங்குவதே மருந்து.

இன்னொரு சங்கடம், எல்லாம் தலைகீழ் என்பது. ஸ்டியரிங்கை இடப்புறம் ஒடித்தால், லாரியின் பின்பகுதி இடப்புறம் போகும். அது டிரெய்லரின் கழுத்தை இடப்புறம் தள்ளும். டிரெய்லரோ தன் சக்கரங்களை நடுவாகக் கொண்டு சுழன்று, தன் வாலை வலப்புறம் கொண்டுபோகும். பழகிய கை சொல்வது ஒன்று, வண்டி செய்வது மற்றொன்று. இதற்குப் பெரியவர் ஒரு எளிய உபாயம் கற்பித்தார். "ஸ்டியரிங்கின் மேற்பகுதியைப் பிடிக்காதீர்கள், ஃபாதர். கீழ்ப்பகுதியில், ஆறு மணி முள் நிற்கும் இடத்தில், ஒரு கையை வையுங்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள்." சோதித்துப் பார்த்தோம், உண்மை. கை இடப்புறம் நகர்ந்தால் வால் இடப்புறம் போயிற்று. ஆனால் போய்க்கொண்டே இருந்தது! வால் திரும்பத் தொடங்கியதும் கையை எதிர்ப்புறம் கொண்டுவந்து, லாரியை அதன் பின்னே ஒழுகவிட வேண்டுமாம். எமக்கு எப்போதும் ஒரு நொடி தாமதம்.

இவ்வித்தையின் கடினத்தை அறிவியலாரும் அறிவர். 1989-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டெரிக் நுயென், பெர்னார்ட் விட்ரோ என்னும் இருவர், கணினிக்குத் தானே கற்கும் ஆற்றலைப் புகட்ட முயன்றபோது, அதற்குத் தேர்வாகக் கொடுத்த வேலை, டிரெய்லர் பூட்டிய லாரியைச் சரக்கு மேடைக்குப் பின்னோக்கிக் கொண்டுபோய் நிறுத்துவதே. கணினித் திரையில் அந்த லாரி ஆயிரக்கணக்கான முறை தவறித் தவறியே கற்றது. தற்காலத்தில், 2016-ஆம் ஆண்டு மாதிரியான ஃபோர்டு எஃப்-150 முதல், ஒரு சிறு திருகைத் திருப்பினாலே டிரெய்லரைப் பின்னோக்கி வழிநடத்தும் கருவி பொருத்திய வண்டிகளும் வந்துவிட்டன. பெரியவரின் லாரியோ அதற்கு முற்பட்டது. எமக்கு வாய்த்த கருவி, அருகில் அமர்ந்து ஓரக்கண்ணால் பக்கக் கண்ணாடியைப் பார்க்க முயலும் ஒரு முதியவர் மட்டுமே.

உடைந்த சிவப்புக் கண்ணாடி

இரண்டு வாரங்கள் கடந்தன. குடுவைகள் நான்கு எம் சக்கரத்தின் கீழ் உயிர்விட்டன. அம்மையார் ஒவ்வொரு முறையும் வேறு குடுவை கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு சொல் கூறவில்லை. பதினைந்தாம் நாள் மாலை, இம்முறை சரியாகப் போகிறது என்ற மகிழ்ச்சியில், சிறிது விரைவு காட்டினோம். அம்மையார் பின்னாலிருந்து கை உயர்த்தியதாகப் பிறகு சொன்னார். யாம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. விளக்குக் கம்பத்தின் சிமெண்டு அடியில் டிரெய்லரின் மூலை மோதிற்று. பின்புறச் சிவப்பு விளக்கின் மூடி நொறுங்கித் தரையில் சிதறிற்று.

யாம் இருக்கையை விட்டு அசையவில்லை.

"இறங்கிப் பார்த்தீர்களா?" என்று பெரியவர் வினவினார்.

"இல்லை."

"ஏன்?"

எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. பின்னர், இருபத்தைந்து ஆண்டுகள் யாரிடமும் விரித்துக் கூறாத ஒன்றை அம்முதியவரிடம் கூறினோம்.

1998-ஆம் ஆண்டு யாம் தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் உதவிப் பங்குத்தந்தை. வயது முப்பதுக்குள். ஒருநாள் மாலை அடுத்த கிராமத்தில் கூட்டம். நேரமாகிவிட்டது என்ற பதற்றம். பங்கு இல்லத்தின் முன் நிறுத்தியிருந்த ஜீப்பில் ஏறி, திரும்பியும் பாராமல் பின்னோக்கி எடுத்தோம். உருண்டு வந்த கோலிக்குண்டை எடுக்க ஒரு சிறுவன் சக்கரத்தின் அருகே குனிந்திருந்தான். எட்டு வயது. வலது கால் முறிந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு. உயிருக்கு ஊறில்லை, ஆனால் அக்குரல் எம் செவியை விட்டு அகலவில்லை. அவன் தாய் எம்மை ஏசவில்லை. "சாமி வேணும்னா செஞ்சீங்க?" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் ஒருவேளை பாரம் குறைந்திருக்கும். அன்று முதல், எங்கு சென்றாலும், நேரே வெளியேறக் கூடிய இடமாகப் பார்த்தே வண்டியை நிறுத்துவோம். பின்னோக்கி எடுக்க நேர்ந்தால் பிறரிடம் சாவியைக் கொடுத்துவிடுவோம். இதனைப் பலர் எமது முன்யோசனை என்று பாராட்டினர். அது முன்யோசனை அன்று, அச்சம்.

பெரியவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாதவன் என்பவன் யார் தெரியுமா, ஃபாதர்? இறங்கிப் பார்க்க வெட்கப்படுகிறவன். நான் ஐம்பது ஆண்டு ஓட்டினேன். இன்றும் ஓட்டினால், ஒரு தடவை நிறுத்துவதற்குள் மூன்று தடவை இறங்குவேன்" என்றார்.

நாற்பத்தாறு ஆண்டுப் படிப்பு

அதற்குள் அம்மையார் சிவப்புத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து ஒரு காகிதப் பையில் இட்டுக்கொண்டு, சாளரத்தருகே வந்து நின்றார். "ஃபாதர், நான் எப்போதும் நிற்கிற இடத்தில் நீங்கள் போய் நின்றால், நான் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார்.

வாசகர்களே, உண்மையை மறைப்பானேன். அந்த நொடி வரை, அவரிடம் கேட்கலாம் என்ற எண்ணம் எமக்குத் தோன்றவே இல்லை. அவர் கார் ஓட்டுபவர். பனிக்காலத்தில் கணவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர். அந்த லாரியையும் வெறுமனே ஓட்டியிருக்கிறார். ஆயினும் டிரெய்லர் என்றதும், "நாமே ஓட்டி வருகிறோம்" என்று முந்திக்கொண்டது எமது நாவு. உதவி செய்யும் ஆர்வத்தில், உதவி பெறுபவருக்கு என்ன இயலும் என்று கேளாதிருப்பது எம்போன்றோரின் பழைய நோய்.

46 கோடைகள் அவர் டிரெய்லரின் பின்னால் நின்றவர். கணவர் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தால் வால் எவ்வளவு திரும்பும், எந்த நொடியில் எதிர்ப்புறம் ஒடிக்க வேண்டும், எப்போது மடங்கத் தொடங்கும் என்பதையெல்லாம் வெளியே நின்று கண்டவர். ஓட்டுநருக்குக் கண்ணாடியில் தெரிவது வண்டியின் ஓரம் மட்டுமே. அவருக்கோ முழு வண்டியும் தெரிந்திருந்தது.

அதற்காக அவர் ஏறியதும் வண்டி பணிந்துவிடவில்லை. முதல் நாள் அவரும் மடக்கிவிட்டார். அருகில் அமர்ந்த பெரியவர், "இடது! இடது!" என்று கூவினார். "யாருடைய இடது? கையினுடையதா, வண்டியினுடையதா?" என்று அம்மையார் சீறினார். அந்நாட்டுப் பூங்காக்களில் மாலை நேரத்தில் புதிதாய் வந்த தம்பதியர் டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்துவதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே மற்றவர்கள் நாற்காலி போட்டு அமர்வார்களாம். அமைதியான இல்லறங்களும் அந்த ஐந்து நிமிடத்தில் ஆட்டங்காணுமாம். அதனை யாம் எம் கோயில் முற்றத்திலேயே கண்டோம். இறுதியில் அம்மையார் வண்டியை நிறுத்தி, "46 ஆண்டு நான் வெளியே நின்றேன். இன்று நீங்கள் இறங்கிப் போய் அந்த மரத்தடியில் உட்காருங்கள்" என்றார். பெரியவர் இறங்கினார். முகம் கறுத்திருந்தது. மூன்று நாள் மரத்தடியிலேயே அமர்ந்திருந்தார்.

எமது பணியும் எளிதாயில்லை. கிளீனர் வேலையை இளப்பமாக எண்ணியவர்கள் ஒருமுறை அதனைச் செய்து பார்க்க வேண்டும். முதல் நாள் வண்டி நேராக வருவது கண்டு, எம்மையறியாமல் ஊர்ப் பழக்கத்தில், "ரைட்... ரைட்..." என்று குரல் கொடுத்துவிட்டோம். நம் ஊரில் அதற்குப் பொருள், தடையின்றி வரலாம் என்பது. அம்மையாரோ அதனை வலப்புறம் என்று கொண்டு வலப்புறம் ஒடித்தார். இரண்டு குடுவைகள் ஒரே நேரத்தில் நசுங்கின!

அன்று மாலை மூவரும் அமர்ந்து சில ஒப்பந்தங்கள் செய்துகொண்டோம். இடது, வலது என்ற சொற்களே கூடா. ஓட்டுநர் பக்கம், மறுபக்கம் என்றே கூற வேண்டும். மூடிய கை உயர்ந்தால் நிறுத்தம். பின்னால் நிற்பவரின் முகம் கண்ணாடியில் மறைந்த நொடியே, காரணம் கேளாமல் வண்டியை நிறுத்திவிட வேண்டும். பின்னால் நிற்பவர் தரையை மட்டும் பாராமல், மேலே கிளைகளையும் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் இறங்கிப் பார்க்க வேண்டும். எத்தனை முறை இறங்கினாலும் எவரும் நகைக்கக் கூடாது. இவை வண்டிக்கு மட்டும் உரிய விதிகளா என்று அப்போதே எமக்கு ஓர் ஐயம் எழுந்தது.

நான்காம் நாள் அம்மையார் மரத்தடிக்குச் சென்று கணவரின் கையைப் பற்றி அழைத்து வந்தார். "பேசாமல் உட்காருவதானால் வாருங்கள்" என்றார். பெரியவர் ஏறி அமர்ந்தார். கீழ்ப்பகுதியில் இருந்த மனைவியின் கைமேல் தம் கையை மெல்ல வைத்தார். வால் திரும்பத் தொடங்கிய நொடியில், சக்கரங்கள் சரளையில் எழுப்பிய ஒலி மாறியதைக் கேட்டு, அக்கையைச் சிறிதே எதிர்ப்புறம் அழுத்தினார். கண் காணாததைக் காது கண்டது. டிரெய்லர் குடுவை வரிசைகளின் நடுவே நூல் பிடித்தாற்போல் உள்ளே போயிற்று.

இட்டாஸ்காவில் ஒரு மாலை

ஜூலை மாதம் புறப்பட்டோம். லாரியை அம்மையார் ஓட்டினார். யாம் எமது சிறு காரில் பின்தொடர்ந்தோம். இட்டாஸ்கா 1891-இல் நிறுவப்பட்டது. மினசோட்டாவின் முதல் மாநிலப் பூங்கா. வானளாவிய செம்பைன் மரங்கள். இட்டாஸ்கா ஏரியிலிருந்துதான் மிசிசிப்பிப் பேராறு பிறக்கிறது. 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் அம்மாநதி, அவ்விடத்தில் சிறு வாய்க்கால் அளவே. வரிசையாய்க் கிடக்கும் கற்களின் மேல் கால் வைத்துக் குழந்தைகள் அதனைக் கடந்து விளையாடுகின்றனர்.

பைன் ரிட்ஜ் எனப்படும் முகாமில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை அடைந்தபோது மாலை ஆறு மணி. எதிர்ப்புறத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. கைகளில் காப்பிக் கோப்பைகள். பெரியவர் முன்கூட்டியே கூறியபடி, அம்மையார் வண்டியைச் சுற்றிக் கொண்டுவந்து, நுழைவிடம் ஓட்டுநர் பக்கமாக அமையுமாறு நிறுத்தினார். அந்நாட்டில் ஓட்டுநர் அமர்வது இடப்புறம். இடப்புறமாகப் புகுந்தால் சாளரத்தின் வழியே வாலைக் கண்ணால் காணலாம். வலப்புறமாகப் புகுவது குருட்டுப் பக்கம்.

அவர் இறங்கினார். இடத்தை முழுதும் நடந்து பார்த்தார். மின்கம்பம், நீர்க்குழாய், மேசை, தாழ்ந்த ஒரு கிளை. ஏறினார். பாதி தூரம் வந்ததும் நிறுத்தி மீண்டும் இறங்கினார். நாற்காலிகளில் ஒரு முணுமுணுப்பு. அவர் அதனைச் செவிமடுக்கவில்லை. மூன்றாம் முறை வண்டி நகர்ந்தபோது, அத்தாழ்ந்த கிளை டிரெய்லரின் கூரையை ஓர் அடி இடைவெளியில் நெருங்கிற்று. கை உயர்த்த வேண்டும் என்பதை மறந்து, "ஹோல்டான்!" என்று யாம் உரக்கக் கூவினோம். வண்டி நின்றது. அப்போதுதான் எமக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்க் கிளீனர்கள் அவர்கள் மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் அல்லவா அது! இத்தனை காலம் நம் தெருக்களில் உழைத்துவிட்டு, அன்று மாலை அது தன் தாய்வீட்டிற்குப் போய்ச் சேர்ந்தது.

முன்னே சிறிது இழுத்து, மறுபடி தள்ளி, அவர் டிரெய்லரை நிறுத்தி முடித்தார். நாற்காலிகளிலிருந்து கைதட்டல் எழுந்தது. அம்மையார் அங்கே பார்க்கவில்லை. பெரியவர் இறங்கி, டிரெய்லரின் பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே பின்புறம் வரை நடந்து வந்து, புதிதாய் மாற்றிய சிவப்பு விளக்கைத் தொட்டுப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்றார். விளக்கைச் சொன்னாரா, நிறுத்தியதைச் சொன்னாரா என்று யாம் கேட்கவில்லை. மறுநாள் காலை இருவரும் கைகோத்து, அக்கற்களை விடுத்து, முழங்கால் அளவு நீரிலேயே இறங்கி மிசிசிப்பியைக் கடந்தனர். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை என்று பெரியவர் முகத்தைச் சற்றே ஒருபுறம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணில் அந்த நீரின் ஒளியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

2024-ஆம் ஆண்டு கோடையில் எம்மை எவரும் அழைக்கவில்லை. ஒரு புகைப்படம் மட்டும் வந்தது. டிரெய்லரின் பின்னால் அவர்களுடைய பேத்தி, பதினைந்து வயதுச் சிறுமி, கை உயர்த்தி நின்றிருந்தாள். யாம் தேவைப்படவில்லை என்பதில் இத்தகைய மகிழ்ச்சி உண்டென்பதை அன்று அறிந்தோம்.

இன்னும் ஒன்று

2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் விடுமுறையில் தாயகம் வந்தபோது, அந்தப் பழைய கிராமத்திற்குச் சென்றோம். 1998-க்குப் பின் அந்தப் பக்கமே செல்லாதிருந்தோம். அச்சிறுவன் இன்று முப்பத்தைந்து வயதுக் குடும்பத்தலைவன். காய்கறி ஏற்றும் குட்டியானை ஒன்று வைத்துப் பிழைப்பு நடத்துகிறார். நடையில் குறையேதும் தெரியவில்லை. குளிர்காலத்தில் மட்டும் சிறிது வலிக்கும் என்றார். யாம் எவ்வளவோ பேச எண்ணிச் சென்றோம். அவர் மனைவி காப்பி கொடுத்தார். அவர் தாய் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்றார்கள். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்க வாய் திறந்தபோது, சந்தைக்கு நேரமாயிற்று என்று அவர் எழுந்துவிட்டார்.

வீட்டின் முன்னிருந்த சந்து குறுகலானது. வண்டியைப் பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும். அவர் ஏறி அமர்ந்து, சாவியைத் திருகிவிட்டு, சாளரத்தின் வழியே எம்மைப் பார்த்தார்.

"சாமி, கொஞ்சம் பின்னாடி நின்னு பாருங்க சாமி. புள்ளைங்க விளையாடுதுங்க."

யாம் பின்னால் சென்று நின்றோம். சந்தில் நான்கு சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்களை ஓரமாய் நிற்கச் செய்தோம். சக்கரங்களின் அடியில் குனிந்து பார்த்தோம். எம் முகம் அவர் கண்ணாடியில் தெரிகின்ற இடமாகப் பார்த்து நின்று, பக்கப் பலகையைத் தட்டினோம்.

"வரட்டும்... வரட்டும்..."